ஆங்கிலத்தில் உயர்நிலைச் சொற்கள்: மலையக வாசகர் கேள்வி பதில்

மலையகத்தில் நெடுங்காலமாக ஆங்கிலம் கற்பித்துவரும் ஆசிரியர் ஒருவர் வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

உயர்தர மாணவி, ஹட்டன்: சேர், தினமும் இருபது சொற்கள் மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் மறந்துவிடுகிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

இல்லை மகள். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதித்துப் பார்த்து 1885இல் இதை எழுதிவைத்தார். படித்தவற்றில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது. இடைவெளி விட்டு மீட்டினால் தங்குகிறது. இருபதை ஐந்தாகக் குறையுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று மீட்டுங்கள். மீட்டும்போது பொருளைக் கையால் மூடிக்கொண்டு நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசித்தால், தெரிந்துவிட்டது என்ற மயக்கம்தான் மிஞ்சும்.

மாணவன், பண்டாரவளை: எந்தச் சொற்பட்டியலைப் படிப்பது?

பல்கலைக்கழகம்தான் குறி என்றால், கோக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலை எடுங்கள் தம்பி. அதில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே அடிச்சொல்லிலிருந்து பிறந்த சொற்களின் தொகுதிகள் உள்ளன. 'அனலைஸ்' படிக்கும்போதே 'அனாலிசிஸ்', 'அனலிட்டிக்கல்' இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அகராதியை முதல் எழுத்திலிருந்து படிக்கும் வேலை வேண்டாம்.

பயிலுநர் ஆசிரியை, கொட்டகலை: பொருள் தெரிந்த சொல்லைக்கூட வாக்கியத்தில் போட்டால் பிழை என்கிறார்கள். ஏன் சேர்?

நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் டீச்சர். ஒவ்வொரு சொல்லுக்கும் பழகிய துணைச்சொற்கள் உண்டு. தேநீர் 'ஸ்ட்ரோங்', மழை 'ஹெவி'. 'பவர்ஃபுல் டீ' என்று ஆங்கிலேயர் சொல்வதில்லை. பொருளில் தவறில்லை, வழக்கில் இல்லை. மொழியியலாளர் ஹாலிடேயும் இதை விளக்கத் தேநீரைத்தான் உதாரணமாக எடுத்தார்.

'மிட்டிகேட்', 'அலீவியேட்' இரண்டுக்கும் நாம் 'தணித்தல்' என்றே எழுதிக்கொள்கிறோம். ஆனால் முதலாவது பெரும்பாலும் அபாயம், பாதிப்பு, சேதம் ஆகியவற்றோடு வரும். இரண்டாவது வலி, வறுமை, துன்பம் ஆகியவற்றோடு வரும். மண்சரிவு பற்றிய ஆங்கில அறிக்கைகளை வாசியுங்கள், 'மிட்டிகேட்' அடிக்கடி கண்ணில் படும். அதன் பின்னால் 'அகெய்ன்ஸ்ட்' போடக் கூடாது. அது 'மிலிட்டேட்' (எதிராக அமைதல்) என்ற வேறொரு சொல்லுக்கு உரியது.

இன்னொன்று 'நொட்டோரியஸ்'. நுவரெலியா பூக்களுக்கு 'நொட்டோரியஸ்' என்று மாணவர்கள் ஆசையாக எழுதுகிறார்கள். அது கெட்ட பெயருக்கான சொல். பூக்களுக்கு 'ஃபேமஸ்' போதும். சிறிய சொல் சரியாக இருக்கும் இடத்தில் பெரிய சொல்லை நுழைக்காதீர்கள் என்று நான் வகுப்பில் மன்றாடிக் கேட்பதுண்டு.

ஆகவே புதிய சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் வரும் சொற்களோடு முழு வாக்கியமாக எழுதுங்கள்.

சுற்றுலா வழிகாட்டி, நுவரெலியா: தேயிலைத் தொழிற்சாலையைக் காட்டும்போது 'நைஸ்', 'குட்' தவிர வேறு சொல் வாயில் வருவதில்லை.

உங்கள் தொழிலிலேயே அருமையான சொற்கள் கிடக்கின்றன தம்பி! தேயிலைச் சுவைஞர்கள் உயிர்ப்புள்ள தேநீரை 'ப்ரிஸ்க்' என்பார்கள், உயிர்ப்பற்றதை 'ஃப்ளாட்' என்பார்கள். நாவை இறுக்கும் துவர்ப்பு 'அஸ்ட்ரிஞ்சென்ட்'. மணத்துக்கு 'அரோமா' சொல்லுங்கள். 'ஓடர்' வேண்டாம், அது பெரும்பாலும் விரும்பத்தகாத வாடையைக் குறிக்கும். கொழுந்தை வாடவைப்பது 'விதரிங்', உருட்டுவது 'ரோலிங்'. அடுத்த கட்டத்தைத் தொழிற்சாலையில் 'ஃபெர்மென்டேஷன்' என்கிறோம். உண்மையில் நடப்பது 'ஆக்ஸிடேஷன்', அதாவது இலை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நிறம் மாறுவது. விருந்தினர் கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள். 'ஒரேஞ்ச் பெக்கோ' என்பதில் தோடம்பழம் எதுவும் இல்லை, அது தர வகையின் பெயர் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

தாதி, பதுளை: ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகிறேன். கடினமான சொற்கள் போட்டால் புள்ளி கூடுமா?

எழுத்துத் தேர்வில் சொல்வளம் நான்கு அளவுகோல்களில் ஒன்று, தங்கச்சி. அதில் வகையோடு பொருத்தமும் பார்க்கப்படும். பொருந்தாத சொல் புள்ளியைக் குறைக்கும்.

தாய், தலவாக்கலை: நான் கொழுந்து பறிக்கிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது. மகளுக்கு எப்படி உதவுவது?

உங்களால் முடியும் அம்மா. மாலையில் வேலை முடிந்து வந்ததும், அன்று படித்த ஒரு சொல்லின் பொருளைக் கொப்பியைப் பார்க்காமல் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்கவில்லையென்றால் மறுபடி கேளுங்கள். விளங்கவைக்க முயலும்போதுதான் அவளுக்கே அது தெளிவாகும். பிறகு அந்தச் சொல்லை வைத்து, அன்று வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். உச்சரிப்பில் ஐயம் வந்தால் கைத்தொலைபேசி அகராதியில் ஒலிக் குறியைத் தொட்டு இருவருமாகக் கேளுங்கள்.