எழுபத்தாறில் ஒயின் ஷாப் ஏது?

வாசகர் கேள்வி – பதில்

எழுபது, எண்பதுகளில் நடக்கிற நாவல் என்றால் எனக்கு உயிர். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கோ பத்தாவது பக்கத்திலேயே கொட்டாவி. குறை அவளிடமா, என்னிடமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

ரெண்டு பேரிடமும் இல்லை, பெரும்பாலும் எழுதியவரிடம்தான். உங்களுக்கு 'டிரங்க் கால்' (ஆபரேட்டர் மூலம் போடும் வெளியூர் போன்) என்று ஒரு வரி வந்தாலே போதும், மீதியை நினைவிலிருந்து நீங்களே நிரப்பிக்கொண்டு விடுவீர்கள், அவர் அரைகுறையாக விட்டதுகூட உங்களுக்கு முழுசாகத் தெரியும். மகளிடம் அந்தக் கையிருப்பு இல்லை. பக்கத்தில் அச்சாகியிருப்பது மட்டும்தான் அவளுக்குக் கதை.

இப்போது வரும் நாவல்கள் பலவற்றில் முதல் அத்தியாயத்திலேயே வால்வு ரேடியோ, அம்பாசடர் கார், பெல்பாட்டம், இலங்கை வானொலி எல்லாம் வரிசையாக வந்து ஆஜர் கொடுத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் முந்நூறு பக்கத்துக்கு ஆட்கள் இன்றைய ஆட்களைப் போலவே பேசி, இன்றைய வேகத்திலேயே முடிவெடுப்பார்கள். கல்யாணத்துக்குச் சீர் வரிசை வைத்த மாதிரி சாமான்கள் பளபளவென்று இருக்கும், குடித்தனம் நடந்திருக்காது.

டிரங்க் காலையே எடுத்துக்கொள்ளுங்கள். தபாலாபீசில் போய் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார வேண்டும். சாதாரண கால் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அர்ஜென்ட் என்றால் ரெண்டு மடங்கு காசு, லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, அப்பா சீரியஸ் என்று அண்ணனுக்குச் சொல்ல அர்ஜென்ட் போதுமா, லைட்னிங் போடலாமா என்று கணக்குப் போடுகிறான் பாருங்கள், அங்கே இருக்கிறது கதை. லைன் கிடைத்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும், வீட்டு ரகசியம் க்யூவில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்துபோகும், மூணு நிமிஷம் ஆனதும் ஆபரேட்டர் குறுக்கே வந்து நீட்டிக்கவா என்பார். இதை எழுதினால் உங்கள் மகள் கொட்டாவி விடமாட்டாள். விசிட்டிங் கார்டில் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டு, அடுத்த வீட்டு போனைத் தன் போன் மாதிரி ஊருக்குக் கொடுத்தவர்களை எந்த நாவலிலாவது பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. அந்த அடுத்த வீட்டுக்காரரோடு சண்டை வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

சமீபத்தில் வாசித்த ஒரு நாவலில், 1976இல் கடலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒயின் ஷாப்பில் உட்கார்ந்து கதாநாயகன் குடிக்கிறான். இப்படி இருந்திருக்க முடியாதே என்றால், கதைதானே, விடு என்கிறான் நண்பன். விடலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

விடக்கூடாது. தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 1974இல் மறுபடி கொண்டுவந்தார்கள், 1981இல் மறுபடி கடை திறந்தது. அதனால் 1976இல் கடலூரில் பர்மிட் வைத்திருப்பவர் குடிக்கலாம், திருட்டுச் சாராயம் குடிக்கலாம், பஸ் நிலையத்துக்கு எதிரே கடையில் உட்கார்ந்து குடிக்க முடியாது.

எனக்கு எரிச்சல் அந்தத் தப்பினால் இல்லை. கையில் வந்து விழுந்த கதையை அவர் தட்டிவிட்டிருக்கிறாரே, அதுதான். புதுச்சேரியில் மதுவிலக்கு இல்லை. கடலூர்க்காரருக்கு 20 கிலோமீட்டர் சொச்சத்தில் இன்னொரு சட்டம் நடக்கிற ஊர் இருந்தது. எல்லையில் இருக்கிற முள்ளோடை தாண்டினால் தாகம் தீரும், திரும்பும்போது வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வேண்டும், பையில் ஒரு பாட்டில் இருந்தால் எல்லை வருகிறவரை வயிற்றில் புளி கரைக்கும். தினமும் சாயங்காலம் புதுச்சேரியில் 'ஆபீஸ் வேலை' இருக்கிற கணவன், அதை நம்புகிற மாதிரி நடிக்கிற மனைவி, எல்லாம் தெரிந்த கண்டக்டர் – ஒரு முழு நாவலே இருக்கிறது. இன்றைக்கும் கடலூர்ப் பக்கத்து ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்க்கிறார்கள், ஆக அடுத்த நூற்றாண்டுக்காரர்களுக்கும் இதில் வேலை உண்டு. உங்கள் நண்பருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அந்தக் காலத்திலேயே எழுதிய நாவலை வாசிப்பதா, அந்தக் காலத்தைப் பற்றி இப்போது எழுதுவதை வாசிப்பதா?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

ரெண்டையும். ஆனால் ரெண்டும் வேறு வேறு சரக்கு. அப்போதே எழுதியவர் எதையும் விளக்கமாட்டார். கதாநாயகன் நாலணா கொடுத்தான் என்றால் கொடுத்தான், அவ்வளவுதான், அது பெரிய காசா சின்னக் காசா என்பது உங்கள் பாடு. 1978க்கு முன்னால் அச்சான பதிப்பு பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள், எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய லை, னை எல்லாம் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், நாலு பக்கத்தில் கண் பழகிவிடும்.

இப்போது எழுதுகிறவருக்கு ஒரு வியாதி உண்டு, அவருக்கு முடிவு தெரியும். அதனால் அவருடைய ஆட்கள் எல்லோரும் தீர்க்கதரிசிகள். 1975 ஜூன் 25 ராத்திரி நெருக்கடி நிலை அறிவிப்பு வருகிறது, மறுநாள் காலை டீக்கடையில் ஆளாளுக்கு ஜனநாயகத்தின் எதிர்காலம் பற்றி உரையாற்றுகிறார்கள்! அது டெல்லியில் எப்படியோ, நம் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டில் நெருக்கடி நிலையை எதிர்த்த தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31 வரை இருந்தது, அதனால் அந்த ஏழு மாதம் ஒரு மாதிரி, அப்புறம் வேறு மாதிரி. புதுச்சேரியிலோ 1974 மார்ச்சில் வந்த அ.தி.மு.க. ஆட்சி ஒரு மாதம்கூட நிற்காமல் விழுந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆக ஒரே நாள் காலையில் கடலூர் டீக்கடையில் பேசுவதையும் புதுச்சேரி டீக்கடையில் பேசுவதையும் ஒரே மாதிரி எழுத முடியாது. இதைக் கவனித்து எழுதியவரை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன், அவர் ரேடியோ பெயரைத் தப்பாகப் போட்டிருந்தாலும் சரி.

எங்கள் ஊரைப் பற்றி எழுதினாலே பிரெஞ்சுக்காரர் காலம், இல்லாவிட்டால் வெள்ளைச் சுவரும் போகன்வில்லாவும். நடுவில் ஒன்றுமே நடக்கவில்லையா?
– வாசகர், உருளையன்பேட்டை, புதுச்சேரி

நடந்தது, நிறையவே. 1962 ஆகஸ்ட் 16இல் இந்தியாவோடு சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆனது. அண்ணன் எழுதிக் கொடுத்து, தம்பி கொடுக்காமல் விட்ட வீடு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள், முப்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் காலத்தில் பாருங்கள். 1979 ஜனவரியில் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் ஊரே கொந்தளித்தது. மொழி ஒன்று, சொந்தபந்தம் எல்லாம் கடலூரிலும் விழுப்புரத்திலும், இருந்தாலும் சேரமாட்டோம் என்று தெருவில் இறங்கினார்கள்! மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துச் சோறு வடித்த வீடுகளும் இருந்தன. எழுத ஆள்தான் வேண்டும்.

அந்தக் காலம் பொற்காலம் என்றே எல்லா நாவலும் சொல்கிறதே, என் அம்மாவைக் கேட்டால் அப்படிச் சொல்லவில்லை.
– வாசகி, பாகூர்

அம்மாவையே நம்புங்கள். திண்ணை அழகுதான், அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நின்று பேச வேண்டும் என்றும் எழுத வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் தொடரை டி.வி. உள்ள வீட்டில் தெருவே கூடிப் பார்த்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், 1987-88இல் அப்படித்தான். உள்ளே பாயில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதிய நாவல் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தவர் எழுதும் நாவல் வந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். விறகடுப்பில் ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்ததால் டி.வி. பக்கமே வராத உங்கள் அம்மா எழுதினால் இன்னும் விசேஷம்.

1985இல் கடலூரில் நடக்கிற மாதிரி நாவல் எழுத ஆசை. எனக்கு அப்போது ரெண்டு வயது. எங்கே தொடங்குவது?
– வாசகர், நெல்லிக்குப்பம்

முதலில் 'கடலூர் மாவட்டம்' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள், 1993 வரை அது தென்னாற்காடு மாவட்டம். திருப்பாதிரிப்புலியூரில் ஓடியது மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதை வந்தது 2010இல். இதெல்லாம் ஒரு நாள் வேலை.

கஷ்டம் அப்புறம்தான். பெரியவர்களிடம் போய் "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: நல்லா இருந்துச்சு. சம்பளம் வந்த அன்று முதலில் யாருக்குக் கொடுத்தீர்கள், எதை அடகு வைத்தீர்கள், கடைசி பஸ்ஸை விட்டால் எங்கே படுத்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டு மளிகை நோட்டு ஏதாவது பரணில் கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒன்றைப் புரட்டியிருக்கிறேன். மாத முதல் வாரத்தில் நல்லெண்ணெய், கடைசி வாரத்தில் ரேஷன் பாமாயில். நடுவில் ஒரு பக்கத்தில் பேர் போடாமல் 'அவங்களுக்கு 20 ரூபா' என்று எழுதி, அதன் மேலேயே பேனாவால் கிறுக்கி அடித்திருந்தது. யார் அந்த 'அவங்க' என்று நோட்டை எழுதியவரிடம் கேட்டேன், சொல்லமாட்டேன் என்று சிரித்தார். உங்களுக்கும் இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் ராமாயணம், ரேடியோ எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.