விடுதலையாகி வந்தவரிடம் ஒரு விடுதலைப் பத்திரம்

கேள்வி: கைகலப்பில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இறந்துபோன வழக்கில், ஏழாண்டுத் தண்டனையை முழுதாக முடித்துச் சேலம் மத்திய சிறையிலிருந்து வந்திருக்கிறேன். நான் உள்ளே இருந்தபோது அப்பா காலமானார், உயில் இல்லை. ஏற்காட்டில் அவர் சம்பாதித்து வாங்கிய இரண்டு ஏக்கர் காபித் தோட்டத்தில், களத்தை ஒட்டிய அறையில் படுத்துக்கொள்கிறேன். 'ஜெயிலுக்குப் போனவனுக்குப் பங்கு கிடையாது. இருபதாயிரம் தருகிறேன், கையெழுத்துப் போடு' என்கிறார் அண்ணன். அம்மாவும் தங்கையும் வாய் திறப்பதில்லை. அண்ணி எனக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் காவல் நிலையத்தில் வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், ஏற்காடு

பதில்: டம்ளருக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. மற்ற இரண்டுக்கும் இருக்கிறது.

அண்ணன் நீட்டும் தாளின் தலைப்பைப் படியுங்கள். 'விடுதலைப் பத்திரம்' என்றுதான் இருக்கும். சிறையிலிருந்து வந்தவர் காதுக்கு இனிக்கும் சொல். பத்திரப் பதிவில் அதன் பொருள், உங்கள் பங்கை நீங்களே விட்டுக்கொடுப்பது. பதிவாகிவிட்டால், ஏமாற்றப்பட்டதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். போடாதீர்கள்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 25, சொத்துக்குரியவரையோ சொத்தை அடைவதற்காக வேறொருவரையோ கொன்றவரைத்தான் விலக்குகிறது. நீங்கள் அந்த வகை இல்லை. அச்சட்டத்தில் சொல்லாத வேறு எந்தக் காரணத்துக்காகவும் வாரிசை ஒதுக்கக் கூடாது என்கிறது பிரிவு 28. அப்பாவைப் பெற்ற பாட்டி இல்லையென்றால் பங்கு நான்கு. உங்களுக்கு அரை ஏக்கர். 'உன் வழக்குக்குச் செலவழித்தேனே' என்பார் அண்ணன். அது கொடுக்கல் வாங்கல் கணக்கு, பங்கில் கழியாது.

நீங்கள் ஏற்காட்டு மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரா என்று எழுதவில்லை. ஆமென்றால் கதை வேறு: பிரிவு 2(2)-இன்படி இந்தச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் சமூகத்தின் வழக்காறுதான் பேசும். ஊர்ப் பெரியவர்களின் சாட்சியம் அப்போது முக்கியம்.

முதலில் வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பாருங்கள். விடுபட்டிருந்தால் உடனே ஆட்சேபனை மனு கொடுங்கள். வில்லங்கச் சான்றும் எடுங்கள். அந்த அறையை மட்டும் காலி செய்யாதீர்கள். கூட்டு அனுபவத்தில், அதாவது குடும்பத்தோடு சேர்ந்து சொத்தைத் தன் வசம் வைத்து, இருப்பவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் நீதிமன்றக் கட்டணம் சொற்பம். வெளியேற்றப்பட்டவர் பங்கின் மதிப்புக்கேற்பக் கட்ட வேண்டும். அண்ணன் நீட்டும் இருபதாயிரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணக்கு இதுவும்தான்.

காவல் நிலையக் கையெழுத்து ஜாமீனில் இருப்பவருக்கான நிபந்தனை. தண்டனையை முடித்தவருக்கு அது இல்லை. எழுத்துப்பூர்வ உத்தரவு இருந்தால் நகல் கேளுங்கள். இல்லையென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். இரவில் வந்து கதவைத் தட்டுகிறார்களா? அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று கரக் சிங் வழக்கில் 1962-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வக்கீலுக்குப் பணமில்லையென்றால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். பழங்குடியினருக்கு வருமான வரம்பு கிடையாது. தங்கையையும் அழைத்துப் போங்கள். அவருடைய அரை ஏக்கருக்கும் ஒரு தாள் தயாராகியிருக்கும்.