இலவசம் என்ற சொல்

கேள்வி: 1970களில் ஐரோப்பிய நாடுகள் இலவசமாக அனுப்பிய பால்பவுடரால்தான் இந்தியாவில் பால் பெருகியது என்கிறார்கள். வெண்மைப் புரட்சி 2.0 அறிவித்திருக்கும் ஒன்றிய அரசு, வீட்டுக்கு ஒரு கறவை மாட்டை இலவசமாகக் கொடுத்தால் உற்பத்தி இரட்டிப்பாகிவிடாதா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்.

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு இடங்களில் வரும் ‘இலவசம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு என்னால் மேலே போக முடியவில்லை. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உலக உணவுத் திட்டத்தின் வழியாக 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால்பவுடரையும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயையும் (வெண்ணெயிலிருந்து நீரை நீக்கிய கொழுப்பு) நமக்கு இலவசமாக அனுப்ப முன்வந்தது உண்மைதான். ஆனால் அது மக்களிடம் இலவசமாகப் போய்ச் சேரவில்லை. அப்படிச் சேர்ந்திருந்தால், பம்பாயிலும் சென்னையிலும் சும்மா கிடைக்கும் பாலுக்கு எதிரே நம் கிராமத்துப் பெண்கள் கறந்த பாலை யாரும் விலை கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். அவர்கள் மாட்டை விற்றுவிட்டு வேறு கூலி வேலைக்குப் போயிருப்பார்கள். தேசிய பால்வள வாரியத்தின் தலைவராக இருந்த வர்கீஸ் குரியன், பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் கலந்து பாலாக்கி, அந்தந்த நகரத்தின் சந்தை விலைக்கே விற்கச் செய்தார். அந்த வருமானத்தில்தான் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் பால் பண்ணைகளும், அவற்றுக்குப் பால் அனுப்பிய மாவட்டங்களின் குளிரூட்டும் நிலையங்களும் சங்கங்களும் உருவாயின. அந்நிய பவுடரை நம்பி நாட்டை அடகு வைக்கிறார்கள் என்று அன்றைக்குக் கடுமையாக எழுதியவர்கள் உண்டு. ‘ஆபரேஷன் ஃபிளட்’ என்ற இந்தத் திட்டத்தை ஆராய்ந்த ஜா குழு 1984இல் அதன் குறைகளைச் சுட்டிக்காட்டவும் செய்தது. ஆயினும் 1950-51இல் 1.7 கோடி டன்னாக இருந்த நம் பால் உற்பத்தி, 2023-24இல் 23.9 கோடி டன்னைத் தாண்டிவிட்டது.

இதற்கெல்லாம் வேர் 1946இல் இருக்கிறது. குஜராத்தின் கைரா மாவட்ட விவசாயிகளின் பாலைப் பம்பாய்க்கு அனுப்பும் ஏகபோக உரிமையை அரசு ஒரே ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தது. அந்த நிறுவனம் வைத்ததே விலை. அந்த ஆண்டு ஜனவரியில் சமர்க்கா என்ற ஊரில் கூடிய விவசாயிகள், இனி எங்கள் சங்கத்துக்கு மட்டுமே பால் ஊற்றுவோம் என்று முடிவு செய்து, பதினைந்து நாள் பம்பாய்க்கு ஒரு சொட்டுப் பால்கூடப் போகாமல் நிறுத்திக் காட்டினார்கள். திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் அவர்கள் பதிவு செய்த சங்கம்தான் பிற்பாடு அமுல் ஆயிற்று. யாரும் அவர்களுக்கு மாடு கொடுக்கவில்லை. மாடு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அவர்களிடம் இல்லாமல் இருந்தது, காலையும் மாலையும் வந்து நின்று, எடை போட்டு, சோதித்து, காசு கொடுத்து வாங்கும் ஆள். 1964 அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அந்த மாவட்டத்தின் அஜர்புரா கிராமத்தில் ஓர் இரவு தங்கி, வீடு வீடாகப் பேசிப் பார்த்துப் புரிந்துகொண்டதும் இதைத்தான். அடுத்த ஆண்டே அமுலின் ஊரான ஆனந்தில் பால்வள வாரியம் பிறந்தது. சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த குரியனை நம்மவர் என்று சொல்லிக்கொள்ளும் நாம், அவர் செய்ததில் இந்தப் பகுதியை மட்டும் மறந்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

எருமைகள் குளிர்காலத்தில் கோடையைவிட அதிகமாகப் பால் தரும். அந்தப் பாலை முழுவதும் வாங்க வழியில்லாத சங்கம், ‘பால் விடுமுறை’ என்று அறிவித்துக் கதவைச் சாத்தும். கறந்த பாலை அன்றைக்கு என்ன செய்வது? ஆனந்தில் பால் தொழில்நுட்ப வல்லுநர் எச்.எம். தலாயா, எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்ததைப் பொய்யாக்கிய பிறகு, 1955இல் பவுடர் ஆலை வந்தது. மிகுதிப் பால் பவுடராகிக் கோடைக்குக் காத்திருந்தது. சங்கம் ஒருநாளும் பாலைத் திருப்பி அனுப்பாது என்ற நம்பிக்கை வந்தபிறகுதான், ஒரு மாடு வைத்திருந்தவர் தன் சொந்தக் காசில் இரண்டாவது மாட்டை வாங்கினார். உற்பத்தி பெருகியது அப்படித்தான்.

மாடு கொடுக்கும் திட்டங்களையும் நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் என் பெரியம்மாவுக்கு மானியக் கடனில் ஒரு கலப்பினப் பசு கிடைத்தது. நல்ல மாடு, வேளைக்கு நான்கு லிட்டர் கறந்தது. பக்கத்தில் சங்கம் இல்லை. டீக்கடைக்காரர் கேட்ட விலைக்கு ஊற்ற வேண்டியிருந்தது. அவர் பாதி நாள், “இன்னிக்குப் பால் போதும் அக்கா” என்று தூக்குவாளியை அப்படியே திருப்பி அனுப்பினார். புண்ணாக்குக் கடையில் பாக்கி ஏறியது. மாடு பால் வற்றி நின்றபோது, அடுத்த சினைக்குக் காத்திருக்கத் தெம்பில்லாமல் பெரியம்மா அதை விற்றுக் கடனைக் கட்டினார். மாடு போன மறுநாள் காலையிலும், அவர் பழக்க தோஷத்தில் நான்கரை மணிக்கு எழுந்து வெற்றுத் தொழுவத்தைக் கூட்டினார். 2011 முதல் ஐந்தாண்டுகளில் தமிழ்நாட்டு அரசு அறுபதாயிரம் கறவை மாடுகளை விலையில்லாமல் வழங்கத் திட்டமிட்டபோது, ஏழைப் பெண்களுக்கு ஒரு சொத்து கிடைக்கட்டும் என்று நானும் வரவேற்றேன். ஆனால் மாட்டோடு சேர்த்து, நடந்து போகும் தூரத்தில் ஒரு பால் சங்கத்தையும் கொடுங்கள் என்று இதே பக்கத்தில் அப்போதே எழுதினேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

வெண்மைப் புரட்சி 2.0 என்பது கூட்டுறவுச் சங்கங்கள் நாளொன்றுக்கு வாங்கும் பாலை 2028-29க்குள் 1,007 லட்சம் கிலோவாக உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. உற்பத்தியைச் சொல்லாமல் கொள்முதலைச் சொல்லும் அந்த இலக்கை நான் மனமார ஆதரிக்கிறேன். அது நிறைவேறுமா என்பது சங்கத்தின் மேசையில் இருக்கிறது. ஊற்றும் பாலில் கொழுப்பு எவ்வளவு, மற்ற திடப்பொருள் எவ்வளவு என்று ஊற்றியவர் கண்முன்னே பார்த்து, அந்தக் கணக்குப்படி விலை எழுதும் சங்கமும் இருக்கிறது. நல்ல பாலுக்கும் தண்ணீர் கலந்த பாலுக்கும் சராசரியாக ஒரே விலையை எழுதிவிடும் சங்கமும் இருக்கிறது. இரண்டாவது வகைச் சங்கத்தில், மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் பசுந்தீவனமும் போட்டு வளர்ப்பவர்தான் முதலில் விலகித் தனியார் வண்டிக்கு ஊற்றப் போவார். பட்டுவாடா தள்ளிப்போனால் மற்றவர்களும் பின்னாலேயே போவார்கள்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் உங்கள் ஊர்ச் சங்கத்தில் பரிசோதனை உங்கள் எதிரிலேயே நடக்கிறதா, பால் பணம் எத்தனை நாளுக்கு ஒருமுறை கைக்கு வருகிறது என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்; பெயரில்லாமல் வெளியிடுகிறேன்.