புத்தூர்க் கட்டும் பதினெட்டு ஃப்ரேமும்

கேள்வி: பழைய கௌபாய் சண்டைப் படங்களை இன்றைக்கும் விரும்பிப் பார்க்கிறேன். ஆட்கள் படபடவென்று ஓடுகிறார்கள், ஹீரோ மதில் மேல் எகிறுகிறார், எவ்வளவு உதை வாங்கினாலும் எலும்பு மட்டும் உடைவதில்லை. காலேஜில் படிக்கும் மகன் ‘லாஜிக்கே இல்லையே’ என்று சிரிக்கிறான். ரசிப்பது தப்பா? (வாசகர், புத்தூர், ஆந்திரா)

பதில்: எலும்பைப் பற்றிக் கேட்பது யார், புத்தூர்க்காரர்! எலும்பு முறிந்தால் பச்சிலை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறார்களே உங்கள் ஊரில், அதை ஹீரோவுக்குக் கட்டினால் படம் என்ன ஆவது? இடைவேளைக்கு முன் விழுந்தவர் கிளைமாக்ஸ் வரை கட்டிலில். டூயட்டில் ஹீரோயின் மட்டும் மரத்தைச் சுற்றுவார். வில்லன் ஒரு டஜன் முட்டையோடு வந்து நலம் விசாரித்துவிட்டுப் போவான். லாஜிக் கேட்கும் பிள்ளை இந்தப் படத்துக்கு டிக்கெட் எடுப்பானா?

அந்தப் ‘படபட’ சும்மா வந்ததல்ல. ஃபிலிம் ஓடுவது வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம். சண்டையை 18-ல் எடுத்து 24-ல் ஓட்டினால் நாலு வினாடி அடிதடி மூன்றில் முடியும். எடுக்கும்போது கேமரா வேகத்தைக் குறைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் அதிகம் ஏறும். 12-க்கு இறக்கினால் லென்ஸை ஒரு முழு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் குறைகிற அளவுக்கு, மூடவேண்டும். மறந்தால் வில்லனும் வெள்ளை, வானமும் வெள்ளை. 22-ல் எடுத்தால் யாருக்கும் தெரியாது. ரொம்ப இறக்கினால் குதிரை வாலே காட்டிக்கொடுத்துவிடும். கேமராமேனாக இருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரை வைத்து ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) என்று கௌபாய் படங்கள் எடுத்தார். அதற்கு முந்தின வருஷமே உங்கள் பக்கம் தெலுங்கு ஹீரோ கிருஷ்ணா ‘மோசகாள்ளகு மோசகாடு’வில் தொப்பி மாட்டிவிட்டார்.

மதில் எகிறல் இன்னும் எளிது. மேலிருந்து கீழே குதிக்கவிட்டு, படத்தைப் பின்னோக்கி ஓட்டுவது. அடுத்த முறை தலைமுடியைப் பாருங்கள்: மேலே போகிறவருக்கு முடி படியவேண்டும், இவருக்குச் சிலிர்த்து நிற்கும். கிளம்பும் இடத்தில் பறந்த புழுதி வந்து பாதத்துக்கடியில் ஒடுங்கும். இதைக் கண்டுபிடிப்பதில் இருக்கிற சுகம் லாஜிக்கில் ஏது?

நமக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில். குத்து முகத்தில் படுவதில்லை. அரையடி தள்ளித்தான் போகும். அடிப்பவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்தால் இடைவெளி தெரியாது. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மிச்சத்தை மூடுவது அந்த ‘டிஷ்யூம்’. டிஜிட்டலில் புதுப்பிக்கிறேன் என்று வருகிற புண்ணியவான்கள் அதைத் துடைத்துவிட்டு, தலையணையைத் தட்டுகிற மாதிரி ஒரு ‘தொப்’ வைக்கிறார்கள். அரையடி இடைவெளி பல்லைக் காட்டுகிறது! அகலமான சினிமாஸ்கோப் படத்தை டிவி சதுரத்துக்கு வெட்டும்போது, ஓரத்தில் கத்தியோடு நிற்கிற ஆள் காணாமல் போகிறான். அப்புறம் ஹீரோ யாருக்காகக் குனிகிறார் என்று எப்படிப் புரியும்?

புது டிவிகளில் ‘மோஷன்’ என்று ஒரு வசதி உண்டு. 24 ஃப்ரேமுக்கு நடுவே இல்லாத ஃப்ரேமைச் செருகி, அடியை எண்ணெயில் வழுக்கவிடும். கம்பெனிக்குக் கம்பெனி அதற்குப் பெயர் வேறு, ஒளித்து வைத்திருக்கும் இடமும் வேறு. ரிமோட்டை மகனிடம் கொடுத்து அணைக்கச் சொல்லுங்கள். லாஜிக் தெரிந்த பிள்ளை, தேடிப் பிடித்துவிடுவான்.