கிரைண்டரை நிறுத்துங்கள்

கேள்வி: தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறோம். 19 வயது மகன் பி.காம். படிக்கிறான். ராத்திரி முழுக்கக் காதில் ஹெட்போன். எல்லாம் போதைப்பொருள் விற்கிறவர்களின் இங்கிலீஷ் ராப். ஒருநாள் “இதைக் கேளும்மா” என்று என் காதில் வைக்க வந்தான். கிரைண்டர் ஓடுகிறது, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். இப்போது போனைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அந்த வழியில் போய்விடுவானோ?
- ஒரு தாய், மும்பை

பதில்: வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்று உங்களைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை. “இதைக் கேளும்மா.” இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை, தன் மனசில் ஓடுவதைக் காட்ட அம்மாவைத் தேடி வந்திருக்கிறான். நீங்கள் சொன்ன அந்த ‘அப்புறம்’ எப்போது வந்தது? போனைப் பிடுங்கிய அன்றைக்குத்தானே!

அமெரிக்காவில் அட்லான்டா பக்கம் வளர்ந்த பாட்டு இது. போதைப்பொருள் விற்கும் வீட்டுக்கு அங்கே ‘ட்ராப்’ என்று பேர். அதுவே இசைக்கும் பேராகிவிட்டது. பாடுகிறவன் விடிய விடிய விழித்திருப்பான், பொட்டலம் எண்ணுவான், வாடகை பாக்கியைச் சொல்வான், அம்மாவுக்கு வீடு வாங்கித் தருவேன் என்பான். விடிவதற்கு முன்பே இட்லி அவித்து, ஒவ்வொரு ரூபாயாக எண்ணுகிற வீட்டுப் பிள்ளைக்கு இது புரியாதா? நீங்கள் படும் கஷ்டத்தை உங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தப் பாடகன் தலைநிமிர்ந்து சொல்கிறான். பையன் அதில்தான் மயங்குகிறான். ராப்பை நான் குறை சொல்லவில்லை. தாராவிப் பையன்களே தமிழில் ராப் பாடி, 2018இல் ‘காலா’ படம் வரைக்கும் போனார்கள்.

ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு பொய் இருக்கிறது, அதை அவனிடம் சொல்லியாக வேண்டும். மும்பையில் எம்.டி. என்கிறார்களே, அந்த மெஃபெட்ரோன் போதைப்பொருளை 50 கிராமுக்கு மேல் வைத்திருந்து குற்றம் நிரூபணமானால் குறைந்தது 10 வருடம் சிறை. ஜாமீனும் லேசில் கிடைக்காது. வீடு வாங்கித் தருவதாகச் சொன்ன பிள்ளையைப் பார்க்க அம்மா ஜெயில் வாசலில் நிற்பாள்.

இதைச் சொல்ல வேண்டியது அவன் அப்பா. கடிதம் முழுக்கத் தேடினேன், அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வியாபாரத்துக்கு மட்டும்தான் அப்பாவா?

இன்றைக்கே போனைத் திருப்பிக் கொடுங்கள். கிரைண்டரை நிறுத்திவிட்டு, அன்றைக்குக் கேட்கச் சொன்ன பாட்டு எது என்று கேளுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் வராவிட்டால் என்ன, வரிக்கு வரி அவனே அர்த்தம் சொல்லட்டும். அவன் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.