ஆண்டுக் கடைசியில் தொடக்கப் பள்ளி: கேள்வி பதில்

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். மாணவர் நலம், ஆண்டிறுதி வேலைகள் பற்றிக் கேளுங்கள். ஒரே நிபந்தனை, குழந்தையின் பெயரை எழுதாதீர்கள். எழுதினால் அழித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

கேள்வி (ஈராசிரியர் பள்ளி, விழுப்புரம் மாவட்டம்): டீச்சர், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் 'மாணவர் நலனில் நம் பள்ளியின் முன்னேற்றம்' என்று ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். என்ன எழுதலாம்?

பதில்: 'காலை உணவுத் திட்டம் சிறப்பாக நடைபெறுகிறது' என்று மட்டும் தொடங்காதீர்கள். அது 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். உங்கள் பள்ளியின் முன்னேற்றம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சாப்பாடு முடிந்த பிறகு வந்து சேரும் பிள்ளைகள் ஜூனில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்? அவர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று யாராவது வீட்டுக்குப் போய்க் கேட்டீர்களா?

அடுத்து, மருத்துவக் குழு வந்து பார்த்த பதிவேட்டைத் திறங்கள். கண், காது, பல், இதயம் என்று எத்தனை பேரை மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார்கள், எத்தனை பேர் உண்மையிலேயே போய் வந்தார்கள்? சீட்டு வாங்கியவர்களுக்கும் கண்ணாடி போட்டவர்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நீங்கள் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம். பெரும்பாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக ஒரு நாள் கூலியை விட முடியாத பெற்றோராக இருப்பார்கள். நான்கு பிள்ளைகளைச் சேர்த்து ஒரே ஆட்டோவில் அனுப்பக் குழுவால் முடியும்.

கழிவறையில் காலை 11 மணிக்குத் தண்ணீர் வருகிறதா என்பதையும் எழுதுங்கள். வராவிட்டால் பெண் குழந்தைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். நடக்காததை மறைக்க வேண்டாம். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.

கேள்வி (ஒரு அம்மா): என் மகன் இரண்டாம் வகுப்பு. எண்ணும் எழுத்தும் வகுப்பில் இன்னும் 'அரும்பு' நிலைதான் என்கிறார்கள். ஃபெயில் போட்டுவிடுவார்களா?

பதில்: போட மாட்டார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைப்பதில்லை. எண்ணும் எழுத்தும் என்பது சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுக்கும் அரசுத் திட்டம். அதில் வரும் அரும்பு, மொட்டு, மலர் என்ற படிகள் மதிப்பெண் இல்லை. ஜூனில் எங்கிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். மே மாதம் டியூஷனுக்குத் துரத்தாதீர்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு கதையை நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும்.

கேள்வி (ஒரு அப்பா): மூன்றாம் வகுப்பில் மொட்டு நிலை. பாஸா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (மேலாண்மைக் குழு உறுப்பினர், நாமக்கல்): ஆண்டு விழாவில் நூறு சதவீத வருகைக்குப் பரிசு தரப் போகிறோம். தட்டா, டிபன் பாக்ஸா?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தப் பரிசே வேண்டாம். காய்ச்சல் பிள்ளையை மாத்திரை கொடுத்து அனுப்பி வைக்கும் பரிசு அது. அம்மை பரவும் மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

எதிர்க்கருத்து (தலைமையாசிரியர், சேலம்): அம்மா, மன்னிக்க வேண்டும். அந்த டிபன் பாக்ஸுக்காகவே ஓடி வரும் பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு. நிறுத்தினால் வருகை விழும்.

பதில்: ஐயா, அந்தப் பரிசு யாருக்குப் போகிறது என்று ஐந்து வருடப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பொங்கல் முடிந்ததும் சூளைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒருமுறையாவது போயிருக்கிறதா? தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படும் பெண்ணுக்கு?

ஒரு அம்மா: என் மகள் போன வருடம் 'டீச்சர் பேர் வெட்டிருவாங்க' என்று அழுது, காய்ச்சலோடு போனாள். மதியம் தூக்கிக்கொண்டு வந்தோம்.

தலைமையாசிரியர், சேலம்: அப்படிப் பார்த்தால் ஓட்டப் பந்தயத்துக்கும் பரிசு தரக் கூடாதே!

பதில்: ஓட்டப் பந்தயத்தில் ஓடுவது குழந்தை. ஏழு வயதில் பள்ளிக்கு வருவதும் வராததும் பெரியவர்கள் கையில். ஆனால் வருகை விழும் என்கிற உங்கள் கவலை நியாயமானது, அதற்கு வழி சொல்கிறேன். அடிக்கடி நின்று, பிறகு ஒழுங்காக வர ஆரம்பித்த பிள்ளைகளின் அப்பா அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுக் கைகொடுங்கள். டிபன் பாக்ஸ் வாங்கினால் எல்லோருக்கும் வாங்குங்கள். அப்புறம், விழாவை ஏப்ரல் வெயிலில் பகல் இரண்டு மணிக்கு வைக்காதீர்கள். 2025இல் துறையே வெயிலுக்காகத் தொடக்கப் பள்ளித் தேர்வை ஏப்ரல் 7 முதல் 17க்குள் முடித்தது.

கேள்வி: டீச்சர், நான்காம் வகுப்பு, கணக்கில் ரொம்ப வீக். பாஸ் போடுவார்களா?

பதில்: போடுவார்கள். இதுதான் கடைசி, இனி இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

கேள்வி (ஆசிரியர், திருவாரூர்): வகுப்பில் இரண்டு பேருக்குச் சின்னம்மை. தேர்வுக்கு வரச் சொல்லலாமா?

பதில்: கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வேண்டாம். பிறகு தனியாக எழுதட்டும்.

கேள்வி (பெயர் நீக்கப்பட்டது): ஒரு மாணவி சில வாரங்களாகப் பேசுவதில்லை. வீட்டில் ஏதோ நடந்திருக்கும் என்று சந்தேகம். நாங்கள் மூன்று ஆசிரியர்கள் விசாரித்தோம்…

பதில்: இனி யாரும் விசாரிக்க வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்பது அவளைத்தான் வாட்டும். இன்றே குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள். பாலியல் குற்றம் என்ற அச்சம் இருந்தால் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம், தலைமையாசிரியரின் விருப்பம் இல்லை. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட வேண்டாம்.

கேள்வி: இடமாறுதல் கலந்தாய்வு எப்போது?

பதில்: வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (ஆசிரியை, தர்மபுரி): எங்கள் ஐந்தாம் வகுப்பில் ஒன்பது பேர் ஆறாம் வகுப்புக்கு நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் தவிர வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். ஏப்ரலில் ஒரு நாள் அவர்களை அந்தப் பள்ளிக்கே கூட்டிப் போங்கள். கட்டடம் பார்க்க இல்லை. கழிவறை எங்கே, குழாய் எங்கே, மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, பஸ் எங்கே நிற்கும் என்று பார்க்கட்டும். ஒரு ஆசிரியரின் முகமாவது தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். மதிய உணவு தொடரும், காலை உணவு நின்றுவிடும். பள்ளியில் சாப்பிட்டே பழகிய பிள்ளை ஜூனில் வெறும் வயிற்றோடு நான்கு கிலோமீட்டர் போகும். பெற்றோரை இப்போதே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு வரி எழுதிக் கொடுங்கள். கரும்பலகை தெரியாததால் முன் வரிசையில் உட்கார வேண்டியவன், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவள், பாட்டியிடம் வளர்பவன், சத்தம் போட்டால் உறைந்துபோகிறவள். 'மந்தம்', 'முரடு' என்று எழுதாதீர்கள், அதை அடுத்த ஆசிரியர் தானே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். வகுப்பாசிரியர் யார் என்று முடிவாகவில்லை என்றால், உறையில் போட்டு அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.