பட்டியலில் பாதியை அடியுங்கள்

கேள்வி: ஆகஸ்ட் முதல் வாரத்தில் கோவையிலிருந்து குடும்பத்தோடு காரில் கிளம்புகிறோம். போக வர ஆகும் நேரம் நீங்கலாக, நெல்லைச் சீமைக்கு மூன்று நாள். வெள்ளைக்காரர் காலத்துக் கோட்டைகள், பாலங்கள், பங்களாக்கள் எல்லாம் பார்க்க ஆசை. குற்றாலம், மாஞ்சோலை, நெற்கட்டும்செவல், செங்கோட்டை, பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி, மணப்பாடு என்று 17 ஊர்ப் பட்டியல் போட்டிருக்கிறேன். எட்டயபுரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். காட்டிக்கொடுத்தவன் ஊரில் என்ன இருக்கிறது? "பாதிரிமார் கட்டின கோயிலையெல்லாம் பெட்ரோல் போட்டுப் போய்ப் பார்க்கணுமா?" என்கிறார் மாமனார். நல்ல வழித்தடம் ஒன்று சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 17 ஊரையும் மூன்று நாளில் பார்த்துவிடலாம், காரை விட்டு இறங்காமல் இருந்தால்.

முதலில் மேற்கை மொத்தமாக அடியுங்கள். ஆகஸ்டில் குற்றாலம் சீசன். அருவிக்கரையில் தலை காட்ட இடம் கிடைக்காது; கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அங்கே கிராம்பும் சாதிக்காயும் வளர்த்த கதையை அந்த நெரிசலில் யாரிடம் கேட்பீர்கள்? மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், நினைத்தவுடன் வண்டியை ஏற்ற முடியாது. நெற்கட்டும்செவல் வேறு காலத்துச் சங்கதி. 1755-இல் கர்னல் ஹெரான் படையோடு வந்தபோதே கப்பம் கட்ட மறுத்த புலித்தேவரை, 1799-இன் கட்டபொம்மன் கதையோடு ஒரு பிற்பகலில் சேர்த்துக் குழப்புவது அவருக்கும் மரியாதையில்லை. செங்கோட்டையையும் அதோடு சேர்த்து இன்னொரு பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கோட்டை. நீங்கள் பார்க்க வரும் கோட்டை இல்லை. பாஞ்சாலங்குறிச்சியில் பிள்ளைகள் ஓடி ஏறப்போகும் மதில் 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மனின் பழைய கோட்டையை 1801-இல் வெள்ளைக்காரர்கள் பிடித்து, இடித்து, தரைமட்டமாக்கி உழுதுவிட்டார்கள். அது இல்லாமல் போனதுதான் அங்கே பார்க்க வேண்டியது. இந்தச் சீமையில் எஞ்சி நிற்பதெல்லாம் ஜெயித்தவன் இடிக்காமல் விட்டது, அல்லது தானே கட்டிக்கொண்டது. தோற்றவன் பக்கத்தைத் தேட வேண்டுமானால் கட்டடப் பட்டியல் உதவாது. நடந்த வரிசையில் ஊர் ஊராகப் போக வேண்டும்.

நீங்கள் மதுரை வழியாக நாற்கரச் சாலையில் தெற்கே வருவீர்கள். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு, கிழக்கே திரும்பி எட்டயபுரம் போங்கள். ஆமாம், நீங்கள் ஒதுக்கிய அதே எட்டயபுரம். எட்டயபுரத்துப் படை கும்பெனியின் பக்கம் நின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்களிடம், அந்தச் சீமையின் காட்டில். அதற்காகப் புதுக்கோட்டைக்குப் போகமாட்டேன் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1882-இல் பாரதி பிறந்த வீடு எட்டயபுரத்தில் இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அங்கேதான் அடக்கம். 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் அங்கேதான். காட்டிக்கொடுத்தவன் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, இவ்வளவும் இருக்கிறது.

திரும்பி நெடுஞ்சாலைக்கு வந்தால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று, மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன்னே கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார் மேஜர் பானர்மேன். தூக்கைவிட அந்தக் கூட்டத்தைக் கூட்டியதுதான் அவருடைய நோக்கம் என்பது என் எண்ணம். அங்கே நிற்கும் சிலை சிவாஜி கணேசன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி வைத்தது. அரசு மணிமண்டபம் பின்னால் வந்தது. அரை மணி நேரம் போதும்.

அன்றிரவு பாளையங்கோட்டையில் தங்குங்கள். தூக்குக்குப் பிறகு கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைச் சிறை வைத்தது இங்கிருந்த கோட்டையில்தான். கோட்டையின் மிச்சம் இப்போது ஊருக்குள் சிதறிக் கிடக்கிறது. மேடைப் போலீஸ் ஸ்டேஷன் எங்கே என்று ஆட்டோக்கார அண்ணாச்சி யாரைக் கேட்டாலும் ஒரு துண்டைக் காட்டுவார். 1801 பிப்ரவரி 2 அன்று ராத்திரி, மேஜர் மெக்காலே வீட்டில் வெள்ளைக்காரத் துரைமாரும் துரைசானிகளும் விருந்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில், ஊமைத்துரையும் கூட்டாளிகளும் காவலை உடைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். நேரே பாஞ்சாலங்குறிச்சி. ஒரு வாரத்துக்குள் இடிந்த கோட்டையை மண்ணால் மறுபடி எழுப்பிவிட்டார்கள். துரத்திக்கொண்டு வந்த படைக்காரர்கள் கண்ணையே நம்பவில்லை. மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலில் வெள்ளைப் படை தோற்றுத் திரும்பியது. கர்னல் அக்னியூ வந்து, பீரங்கிகள் வந்து, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. நவம்பரில் ஊமைத்துரையையும் தூக்கிலிட்டார்கள். நாம் அண்ணனை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பெரிய போரை நடத்திய தம்பியை விட்டுவிட்டோம். உங்கள் பிள்ளைகளுக்காவது இதை இந்த வரிசையில் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையில் இன்னும் இரண்டு. ஒன்று, தாமிரபரணி மேல் சுலோச்சன முதலியார் பாலம். நீங்கள் 'வெள்ளைக்காரர் பாலம்' என்று எழுதியிருப்பதில் திருத்தம் தேவை. கட்டும் வேலையில் முன்னின்றவர்கள் கேப்டன் ஹார்ஸ்லியும் கலெக்டர் தாம்சனும். ஆனால் ஊரெல்லாம் வசூல் பேசிக்கொண்டிருந்தபோது, கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோச்சன முதலியார் 50,000 ரூபாயைத் தாமே கொடுத்தார். 1843-இல் பாலம் திறந்தது. காரில் கடந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. இறங்கி ஓரமாக நடந்து, கீழே வளைவுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். இன்னொன்று ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் கலெக்டர் ஆஷ் கல்லறை. அது மறுநாளைக்குத் தேவைப்படும். இருட்டுக்கடை அல்வா சாயங்காலம்தான் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. வரிசையில் மாமனாரை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் நாள் காலை மணியாச்சி. பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உள்ளே போங்கள். 1911 ஜூன் 17 அன்று, கொடைக்கானலுக்குப் புறப்பட்டு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த ஆஷை, செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டது இந்த ஜங்ஷனில். ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் இப்போது வாஞ்சியின் பெயர். கல்லறையில் ஆஷ் பெயர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தையும் தேடிப் படிக்க வேண்டும். சுதந்திரத்தோடு சனாதன தர்மத்தையும் அது பேசுகிறது. வளர்ந்த பிள்ளைகளாக இருந்தால் அதை மறைக்காமல் பேசுங்கள்.

அங்கிருந்து ஓட்டப்பிடாரம். வ.உ.சி. 1872-இல் பிறந்த வீடு நூலகத்தோடு நினைவில்லமாக இருக்கிறது. பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. நினைவுக் கோட்டையோடு திரும்பிவிடாமல், அருகில் இருக்கும் வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகளையும் விசாரித்துப் போய்ப் பாருங்கள். வெயில் மண்டையைப் பிளக்கும், நிழல் கிடையாது. காலை பத்தரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

பிற்பகல் தூத்துக்குடி. 1532 வாக்கில் போர்ச்சுகீசியர், 1658-இல் அவர்களை விரட்டிய டச்சுக்காரர், பிறகு 1825-இல் நிலையாகக் கைக்கு எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர் என்று மூன்று கொடிகள் மாறி மாறிப் பறந்த துறைமுகம். பனிமய மாதா கோயில் எழுந்தது 1713-இல். அப்போது ஊர் கத்தோலிக்கரை ஆகாத டச்சுக்காரர் கையில் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கோபுரத்தைப் பாருங்கள். பரதவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். டச்சுக்காரர் தங்களுக்கென்று 1750-இல் கட்டிய சிறிய பரிசுத்த திரித்துவ ஆலயமும் கடற்கரைப் பக்கமே இருக்கிறது. அதைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம்.

துறைமுகத்தை எட்டிப் பார்க்கும்போது வ.உ.சி.யின் கப்பல்களை நினைக்காமல் முடியாது. 1906-இல் சுதேசிக் கம்பெனி, பிறகு காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள், எதிரே கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அடித்த பிரிட்டிஷ் கம்பெனி. ஆனால் அவரைச் சிறைக்கு அனுப்பியது கப்பல் மட்டும் என்று நினைப்பவர்கள் 1908 பிப்ரவரியில் கோரல் மில்லில் நடந்த வேலைநிறுத்தத்தை மறந்துவிடுகிறார்கள். கூலியும் விடுமுறையும் கேட்ட தொழிலாளிகளோடு அவர் நின்றார். மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலியே கொதித்தெழுந்து, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அந்த நாட்களில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் இதே ஆஷ். அவருக்கு எழுப்பிய நினைவு மண்டபமும் இந்த ஊரிலேயே இருக்கிறது. மணியாச்சியைக் காலையில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். இரவுக்குப் பொரிச்ச பரோட்டா, கைக்கு மக்ரூன்.

மூன்றாம் நாள் மாமனாருக்கு. திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாடு. 1542-இல் சவேரியார் வந்து தங்கிய குகை, மணல்குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், அதைச் சுற்றி மூன்று பக்கமும் கடல். ஆகஸ்ட் காற்றில் மணல் முகத்தில் அறையும், குழந்தைகளுக்குத் தொப்பி வேண்டும். பிறகு உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு, செம்மணல் மேடுகளான தேரிக்காட்டின் ஓரமாக இடையன்குடி.

பாதிரியார் கால்டுவெல் 1841-இல் மெட்ராஸிலிருந்து நடந்தே கிளம்பி இந்தப் பக்கம் வந்தவர். அவர் தொடங்கிய கோயில் முடிய 33 வருஷம் ஆயிற்று, 1880-இல் பிரதிஷ்டை. 33 வருஷமும் கல் சுமந்து சுண்ணாம்பு அரைத்தவர்கள் பாதிரிமார் அல்ல. பனையேறிக் குடும்பத்து ஆண்களும் பெண்களும். "பாதிரிமார் கட்டின கோயில்" என்று ஒரு வாக்கில் அவர்கள் உழைப்பை அழித்துவிடுகிறார் உங்கள் மாமனார். கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அதில் காசு பார்க்கவும் வைத்தார். அதற்காகக் கால்டுவெல்லைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 1849-இல் அவர் எழுதிய சிறு நூலில் தம் சபை மக்களையே இழிவாகச் சித்திரித்தார். அந்த மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். அதற்கு முன்பின்னாக மிஷனரிகளோடு முறுக்கிக்கொண்ட நாசரேத் வட்டாரத்து அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-இல் வெள்ளைக்காரர் தயவு இல்லாத தனிச் சபையே கண்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கையும் அந்தச் சிறு நூலை எழுதிய கையும் ஒன்றுதான். இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டையும் கோயிலுக்குள் அவர் கல்லறையையும் பார்க்கும்போது மாமனார் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் எனக்குச் சம்மதம். போய்ப் பார்த்துவிட்டுச் சண்டை போடட்டும்.

கோயில் பூட்டியிருந்தால் சேகர குருவானவர் வீட்டில் கேளுங்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் கேமராவோடு நுழையாதீர்கள். நேரம் மிச்சமிருந்தால் முதலூர் வழியாக வந்து மஸ்கோத் அல்வா வாங்கலாம். அந்த ஊரே 1799-இல் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு, கட்டபொம்மன் தூக்கிலேறிய அதே வருஷம். அங்கிருந்து நாங்குநேரிப் பக்கம் ஏறினால் உங்கள் நாற்கரச் சாலை.

கடைசியாக, தேதியை மாற்றுங்கள். பனிமய மாதா திருவிழா ஜூலை 26 கொடியேறி ஆகஸ்ட் 5 அன்று முடிகிறது. அந்த வாரம் தூத்துக்குடியில் அறையும் கிடைக்காது, கோயில் தெருவில் கார் நிறுத்தவும் முடியாது. ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வாருங்கள்.